மூன்றாவது பதில்

“நாசரேத்துல நல்ல மழையாம்” என்று யாராவது சொல்லிக்கொண்டே எங்கள் ஆபீஸ் படியேறி வந்தால், அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்: “பாத்தியளா, கேட்டியளா, நெனச்சியளா?”

சொன்னவர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் அப்படியே நின்றுவிடுவார். பார்த்தேன் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. கேட்டேன் என்றால், யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். சும்மா ஒரு நினைப்புதான் என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் கோபம் கிடையாது. “நெனைங்க. நெனைக்கதுக்கு வரியா போட்டிருக்கான்? நெனச்சேன்னு சொல்லிட்டு நெனைங்க” என்பாள்.

மனிதர்கள் போகிற போக்கில் விட்டுவிட்டுப் போகிற வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான் கல்லூரிப் பக்கம் ஒதுங்காதவன். கிளியரிங் ஆபீசில் இருந்தபோது கப்பல் காகிதங்களைப் படித்துப் படித்து ஆங்கிலம் வந்தது. மற்றவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மற்றதெல்லாம் வந்தது. அப்படிச் சேர்ந்த பேச்சு பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் ஆகும். இவள் சொன்னது மட்டும் வேலைக்கும் ஆகும்.

பெயர் வேண்டாம். என்னைவிட ரொம்ப இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். ஸ்கூட்டரில் வருவாள். வெயிலுக்காகச் சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்குவரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பார்த்தால் உப்பளத்து மேஸ்திரி மாதிரி இருக்கும். மேலே வந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் களைந்து ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடுவரை எழுந்திருக்க மாட்டாள். யோசனை ஓடும்போது பேனா மூடியால் முன்பல்லைத் தட்டுவாள். தட்டுகிற சத்தம் நின்றால் நாங்கள் எல்லாரும் பயப்படுவோம். எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், கப்பல் கயிறும் பெயின்டும் விற்கிற கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். நடத்தியவர் காயல்பட்டினத்துக்காரர். பல வருடம் துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் ஊரோடு இருக்கிறேன் என்று வந்து இதைத் திறந்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எல்லாருக்கும் அவர் காக்காதான். என்னைவிட அவர் சின்னவர் என்றாலும் எனக்கும் காக்கா. மாதா கோயில் தெருவிலிருந்து வருகிற அவளுக்கும் காக்கா. நாலாவது ஆள் உடன்குடிக்காரன், கருப்பட்டிக் கடைக் குடும்பத்துப் பையன். நிரல் எழுதுகிறவன் அவன்தான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் என்று ஒரு சங்கிலிப் பதிவு. உலகம் முழுக்கப் பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கிற பொதுப் பதிவு. அதில் வாங்குவதும் விற்பதும் நடக்கிறது. இந்த விலை வந்தால் வாங்கு, அந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஆட்கள் ஆர்டர் போட்டு வைப்பார்கள். முன்பெல்லாம் போட்டவரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது ஏஐ ஏஜென்ட் என்கிற மென்பொருள் அவருக்காகப் பார்த்துக்கொள்கிறது. அந்த ஏஜென்ட், ‘நம்ம ஆர்டர் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் சங்கிலியைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு கருவி வேண்டும். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்காக அதைத்தான் உடன்குடிக்காரன் செய்துகொண்டிருந்தான். கருவியிடம் எப்படிக் கேட்பது, அது சொல்கிற பதிலுக்கு என்ன அர்த்தம், அந்தப் பதில் வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று விளக்கம் எழுதுவது அவள் வேலை. எழுதியபடி செய்துபார்த்துச் சரியா தப்பா என்று சொல்வது என் வேலை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த விளக்கத்தைப் படிக்கப் போவது மனிதன் இல்லை, ஏஜென்ட்தான். மனிதன் என்றால் புரியாத இடத்தில் தலையைச் சொறிவான், பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். ஏஜென்ட், எழுதியிருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிடும். ஆகையால் அவளுக்கு ஏற்ற வேலை அது. அவளுக்காகவே யாரோ உண்டாக்கின மாதிரி இருந்தது.

காக்காவுக்கு அது வேறு மாதிரி முக்கியம். கையில் இருந்த சின்னச் சின்ன வேலையெல்லாம் முடிந்துபோயிருந்தது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு டெமோ காட்டி, அவர்களுக்குப் பிடித்துத் தொடர்ந்து வேலை தந்தால் ஆபீஸ் நிற்கும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு அவர் மறுபடியும் துபாய் விமானம் ஏற வேண்டும். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை போன் திரையில் பார்த்தே வளர்ந்தவர்கள். கடைசிப் பெண்ணுக்குத்தான் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வாப்பா கிடைத்திருந்தார். இதை அவர் எங்களிடம் மறைத்ததில்லை. டீ குடிக்கிற நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார்.

அவளுடைய அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கடற்கரைக் குடும்பம், வீட்டில் யாரோ கடலுக்குப் போய், வருவார் வருவார் என்று ஊர் சொல்லி, வராமல் போயிருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஒருநாள் மெதுவாகக் கேட்டேவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல கடலுக்குப் போனவக ஒருத்தரும் கெடையாது அண்ணாச்சி. அப்பா பேக்கரில மக்ரூன் போடுதவரு. நீங்களா ஒரு படகு விட்டீகளாக்கும்?”

உடன்குடிக்காரன் அன்று முழுக்க என்னைப் படகு அண்ணாச்சி என்று கூப்பிட்டான்.

கடுமையான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கீழே டீக்கடைக்கு முத்து விற்கிற ஒருவர் வருவார். சட்டைப் பைக்குள் தீப்பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சில் முத்து. ஒருநாள் அவளிடம் நீட்டி, நம்ம கடலில் எடுத்த முத்து, எடுத்ததை நானே கண்ணால் பார்த்தேன் என்றார். இங்கே முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அவருக்கு என்ன, நாற்பது வயது இருக்கும். “ஒங்களுக்குக் கல்யாணம் ஆயி எத்தன வருசம் ஆச்சு அண்ணாச்சி?” என்று ஆரம்பித்து, பிள்ளைகள், அம்மா, அப்பா என்று நலம் விசாரித்துக்கொண்டே போய், அவர் பிறந்தபோது கடலில் யாரும் முத்துக்கு முங்கவில்லை என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். மனுஷன் தலையைத் தடவிக்கொண்டு, எங்க அப்பா சொல்லித்தான் தெரியும் என்றார். “அப்ப கேட்டது. கேட்டதுன்னா கேட்டதுன்னு சொல்லி விக்கலாம்லா?” என்று சொல்லி, பேரம் பேசாமல் அதை வாங்கினாள். அசல்தானா என்று நான் கேட்டதற்கு, “எனக்கு எப்படித் தெரியும்? ஆனா இப்ப அவரு சொன்னது அசலு” என்றாள்.

என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் நடந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். “ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் இங்கன இருக்கேன்” என்றாள். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொல்கிறவரை இருந்தாள். அந்த ஒரு காலைப்பொழுதில் எனக்குக் கிடைத்த தைரியம் அவள் சொல்லாமல் விட்டதிலிருந்து வந்தது. இன்றும் அதை என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

இப்போது அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், புருஷனுக்கு அங்கே வேலை. நன்றாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டதுதான்.

கருவிக்கு விளக்கம் எழுதத் தொடங்கியபோது நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் மொட்டைமாடியில் நின்றால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற கப்பல்கள் தெரியும். கப்பல் வெளியே நிற்பது ஒரு நிலை, உள்ளே வந்து கட்டுவது ஒரு நிலை, பாதிச் சரக்கு இறங்கியது ஒரு நிலை, முழுக்க இறங்கியது ஒரு நிலை. ஆர்டரும் அதேதான்: காத்திருக்கிறது, ஏற்கப்பட்டது, பாதி முடிந்தது, முழுக்க முடிந்தது. இதை உதாரணமாகப் போட்டால் அழகாக விளங்கும் என்றேன். அவளுக்கும் பிடித்துப்போய் ஆங்கிலத்தில் நேர்த்தியாக எழுதிச் சேர்த்தாள். சோதனைக்காக ஏஜென்டைப் படிக்கவிட்டுக் கேள்வி கேட்டோம். அது தன் முதலாளிக்குச் சொன்ன பதில்: உங்கள் ஆர்டர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, இடம் காலியானதும் உள்ளே வரும்.

உடன்குடிக்காரன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, கப்பல்களையெல்லாம் விளக்கப் பக்கத்திலிருந்து அழித்துவிட்டு, “நமக்குப் புரிஞ்சத எழுதிட்டோம் அண்ணாச்சி. அதுக்கு என்ன புரியும்னு பாக்கல” என்றாள். என் யோசனை என்று யாரிடமும் சொல்லவில்லை. நம்முடைய தப்பு என்றுதான் சொன்னாள்.

ஒருநாள் பேனா மூடிச் சத்தம் நின்றது.

ஒவ்வொரு ஆர்டருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் ஒன்று உண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் கைக்கு வந்ததைத் தட்டி, அந்த ஆர்டர் என்ன ஆயிற்று என்று கருவியிடம் கேட்டிருக்கிறாள். காத்திருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

“ஏலே, இங்கன வா. இப்படி ஒரு ஆர்டரே ஒலகத்துல கெடையாது. ஒன் கருவி காத்திருக்குன்னு சொல்லுது. இல்லாதது எப்படில காத்திருக்கும்?”

“பின்னால வரலாம்லா எக்கா?” என்றான் அவன்.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைக் குடும்பத்தில் பிறந்தவன். இல்லை என்கிற சொல்லை வாடிக்கையாளர் முன்னால் சொல்லாமல் வளர்ந்தவன். கருப்பட்டி தீர்ந்துபோயிருந்தாலும் அவர்கள் கடையில், வரும் என்றுதான் சொல்வார்களாம். இல்லை என்றால் லட்சுமி படியிறங்கிவிடுவாளாம். அந்தப் பழக்கம் அவனுக்கே தெரியாமல் நிரலுக்குள் இறங்கியிருந்தது. ஆர்டர் கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் அவன் கை தானாகவே, காத்திருக்கிறது என்று எழுதிவிட்டது.

“ஒங்க கடைக்கு வந்தவரு, சரி நாளைக்குப் பாப்போம்னு வீட்டுக்குப் போயிருவாரு. ஏஜென்டு போகாதுல. நீ வரும்னு சொன்னா, வார வரைக்கும் அங்கனயே நிக்கும்” என்றாள்.

அவன் ஒத்துக்கொண்டு மாற்றினான். கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லும்படி செய்தான். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று வைத்துவிட்டான். மறுநாள் அவள் ஒரு சோதனை ஆர்டரைப் போடவைத்தாள். போட்டு முடிந்ததும் எழுந்துபோய், வெளியுலகத்தோடு எங்கள் ஆபீசை இணைக்கிற மஞ்சள் கம்பியைப் பிடுங்கினாள். இப்போது கருவியால் சங்கிலியை எட்டிப் பார்க்க முடியாது. ஏஜென்ட் கேட்டது: என் ஆர்டர் என்ன ஆயிற்று? கருவி சொன்னது: இல்லை. ஆர்டர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று ஏஜென்ட் இன்னொன்றைத் தயார் செய்தது. மறுபடி கேட்டது, மறுபடி இல்லை. இன்னொன்று. கம்பியைத் திரும்பச் செருகியதும் அத்தனையும் வரிசையாகப் போய் விழுந்தது. நல்லவேளை, அது சோதனைக்கென்று இருக்கிற விளையாட்டுச் சங்கிலி. நிஜமாக இருந்தால் ஒரு மூட்டை கேட்டவர் வாசலில் ஒரு லாரி வந்து நின்றிருக்கும்.

“இல்லைங்கது நான் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதது. தெரியலைங்கது நான் போகவே முடியலைங்கது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையச் சொன்னா கேக்கவன் என்ன செய்வான்?” என்றாள். இருக்கிறது, இல்லை என்கிற இரண்டு பதிலோடு, தெரியவில்லை என்று மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். உடன்குடிக்காரன் வைத்துக் கொடுத்தான். அவள் அதற்கென்று ஒரு பக்கம் எழுதினாள். தெரியவில்லை என்று வந்தால் புதிதாக ஆர்டர் போடாதே. எதையும் ரத்து செய்யாதே. தெரியவில்லை என்று உன் முதலாளியிடம் சொல். கடைசியில் ஒரு வரி: கருவியிடமிருந்து பதிலே வராவிட்டால் அதையும் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்.

சிங்கப்பூர்க்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனில் வந்தார். தெரியவில்லை என்று சொல்கிற கருவியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவரும் யாரிடமோ விற்க வேண்டியவர்தானே. டெமோவுக்கு முன்னால் அதை எடுத்துவிட்டால் நல்லது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காக்கா அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. இப்போதைக்கு எடுத்துவிடு, வேலை கைக்கு வந்தபிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தன் நிலைமை அவளுக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: “காக்கா, இன்ஷா அல்லான்னு சொல்லாம நீங்க ஒரு வாக்குக் குடுத்து நான் பாத்ததில்ல. நான் செய்வேன், ஆனா நடக்கது முழுசா எங்கையில இல்லன்னுதான அதுக்கு அர்த்தம்? எங்களுக்கு ஒங்க மேல நம்பிக்கை வந்ததே அதுலதான். கருவிக்கும் அப்படி ஒரு சொல்லு குடுங்கன்னு கேக்குதேன். வேற ஒண்ணும் கேக்கல.”

காக்கா தாடியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். “நீ என்னய விமானம் ஏத்தாம விடமாட்ட போலருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தாலும் எங்களால் சிரிக்க முடியவில்லை. எழுந்து போகும்போது சொன்னார், பக்கம் இருக்கட்டும். டெமோவில் நீயாக எடுத்துக் காட்டாதே. அவர்கள் கேட்டால் மட்டும் சொல். அவள் சரி என்றாள்.

டெமோ அன்று எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தோம். கருவி எங்கள் ஆபீஸ் கணினியில் ஓடியது. அதைக் கேட்கிற ஏஜென்ட் சிங்கப்பூரில், அவர்கள் கணினியில். பெரிய திரையில் சிங்கப்பூர்க்காரர். அவர் ஏஜென்டை ஆர்டர் போடச் சொன்னார், போட்டது. என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னார், சரியான பதில் வந்தது. பாதி முடிந்ததைப் பாதி என்றது. ரத்தானதை ரத்து என்றது. காக்காவின் தோள் மெல்லத் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன்.

அப்போது சிங்கப்பூர்க்காரரே கேட்டார். நீங்கள் அவ்வளவு பிடிவாதம் பிடித்தீர்களே, சங்கிலியை எட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும்?

கேட்டால் சொல் என்றுதானே காக்கா சொல்லியிருந்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம், காட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்தாள். நேராகப் போய், எத்தனையோ தடவை செய்து பழகிய அதே கையால், மஞ்சள் கம்பியைப் பிடுங்கினாள்.

எங்கள் சோதனையில் எல்லாமே ஒரே அறைக்குள் இருந்தது. கம்பியைப் பிடுங்கினால் சங்கிலி மட்டும்தான் அறுபடும்; ஏஜென்டும் கருவியும் அறைக்குள் பேசிக்கொண்டேதான் இருக்கும். அன்றைக்கு ஏஜென்ட் சிங்கப்பூரில் இருந்தது. சிங்கப்பூர்க்காரரும் அதே மஞ்சள் கம்பி வழியாகத்தான் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்தார், பிறகு மறைந்தார்.

கம்பி அவள் கையிலேயே இருந்தது. கீழே பெயின்ட் டப்பா உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“திருப்பிச் செருகும்மா” என்றார் காக்கா. குரல் அப்போதும் உயரவில்லை. செருகினாள். ரௌட்டர் விளக்குகள் ஒன்றொன்றாகக் கண் விழித்து, யோசித்து, மறுபடி அணைந்தன. அதற்கு எப்போதும் அவ்வளவு நேரம் ஆகும்.

உடன்குடிக்காரன்தான் மெதுவாகக் கேட்டான். “எக்கா, இப்ப அங்க ஏஜென்டுக்குப் பதிலே போயிருக்காது. பதிலே வரலைன்னா சும்மா இருன்னு எழுதுனியள்லா, அது அப்படி இருக்கும்னு பாத்தியளா?”

“இல்லல. இந்த ரூமுக்குள்ள அதப் பாக்க வழியில்ல. நெனச்சு எழுதுனேன்” என்றாள்.

காக்காவின் போன் அடித்தது. சிங்கப்பூர். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்துக் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. தன் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: உங்கள் ஆர்டர் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கேட்ட இடத்திலிருந்து பதில் வரவில்லை. அதனால் நான் எதுவும் செய்யவில்லை, புதிதாக எதுவும் போடவில்லை.

படித்துவிட்டுக் கேட்டார்: இதைக் காட்டத்தான் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்தீர்களா?

நாங்கள் மூன்று பேரும் காக்காவைப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பிரமாதமான டெமோ ஆகிவிடும். காக்கா வாயைத் திறந்தார். திறந்தவர், என்ன நினைத்தாரோ, போனை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தன் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். இல்லை சார், தவறுதலாகப் பிடுங்கினேன். வேறு ஒன்றைக் காட்ட நினைத்தேன், நீங்களும் அதே இணைப்பில் இருப்பதை மறந்துவிட்டேன். இப்போது நீங்கள் பார்த்ததை நாங்கள் இதற்கு முன் சோதித்ததில்லை. நடக்கும் என்று நினைத்து எழுதியிருந்தேன். ஒருமுறை நடந்திருக்கிறது, எப்போதும் நடக்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.

தங்களுக்குள் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

காக்கா போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்புகிறவரை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் என் லேப்டாப்பை இழுத்து மொபைல் இணைப்பில் போட்டு, ஏஜென்டை அதில் ஓடவிட்டாள். இப்போது கருவி ஆபீஸ் கம்பியில், ஏஜென்ட் வெளியே. அறைக்குள் வழியில்லை என்று சொன்னதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். உடன்குடிக்காரனை மஞ்சள் கம்பிப் பக்கம் நிறுத்தினாள். அவள் சொல்லச் சொல்ல அவன் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தான். கேள்வியின் நடுவில் பிடுங்கு, கேட்பதற்கு முன்னால் பிடுங்கு, பதில் பாதி வரும்போது பிடுங்கு. ஒரு தடவை ஏஜென்ட் பொறுமையில்லாமல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை நேரம் விட்டு மறுபடி கேட்கலாம் என்று எழுதிய பக்கத்தில் சொல்லவில்லை என்று கண்டு, அதை எழுதிச் சேர்த்தாள். மறுபடி பிடுங்கச் சொன்னாள்.

காக்கா எப்போது வந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வேலை எங்களுக்குத்தான், அந்தத் ‘தெரியவில்லை’ பக்கமும் அப்படியே இருக்கட்டும் என்று வந்திருந்தது.

நான் வாயெடுத்தேன். காக்கா கையமர்த்தினார். அவள் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. பேனா மூடியால் பல்லைத் தட்டிக்கொண்டு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் முழுக்க நெட் செத்துக் கிடந்தது. காக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சத்தம் வராமல் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யாம இருக்கு காக்கா.”

“இன்னொருக்கப் பிடுங்கச் சொல்லு. நானும் பாக்கேன்.”